பூட்டிய அறையில் இழுப்பு

அன்பு மகளே,

நேற்று டெப்போ கழிப்பறையில் ஒளிந்து வேர்க்கடலை தின்று, இந்த வயதில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

"கடலை ஆகாத பொண்ணுதான் ஹாஸ்டல் போயிடுச்சே, இன்னும் யாருக்குய்யா பயம்?" என்று கண்டக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தால், பூட்டிய உன் அறைக்குள் இழுப்புச் சத்தம். சின்ன வயதில் கடலை தின்று உன் தொண்டை அடைத்தபோது கேட்ட அதே சத்தம். ஓடிப்போய்க் கை கழுவி, வாய் கொப்பளித்தேன். நின்றுவிட்டது. திறந்து பார்த்தேன், கட்டில் காலி, தலையணை மட்டும் தரையில்.

உடனே உனக்குப் போன் போட்டேன்.

"இப்பதானேப்பா டெப்போவிலேர்ந்து பேசினீங்க?"

"சும்மாதாம்மா. என்ன போட்டு சமைச்சாங்கன்னு கேட்டுட்டுத்தானே சாப்பிட்டே?"

"ஐயோ அப்பா!" என்று ஆரம்பித்து ஏதேதோ சொன்னாய். ஒன்றும் காதில் ஏறவில்லை. உன் மூச்சை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன் என்று உன்னிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளி அப்பா