இரட்டை யோக்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நீதான் எங்களைக் காட்டிக்கொடுத்தாய்.

நேற்று ஃபேக்டரியில் எங்களுக்குப் புதுச் சீருடை வந்தது. பழைய கோட்டைக் கழற்றி மேசைமேல் போடச் சொன்னார்கள். சூப்பர்வைசர் ஒரு பாக்கெட்டில்கூடக் கை விடவில்லை. கை நுனியில் கஃப்பைப் புரட்டவில்லை. நேரே, பொத்தான் தைக்கிறாளே நம் பொத்தான் அக்கா, அவள் கோட்டை உருவி, யோக்கைப் பிரித்தான். தோளுக்குக் கீழே முதுகில் இரட்டைத் துணியாக வருகிற துண்டு. அதற்குள் காகிதம் இருப்பதை அவனுக்கு எந்த ஜோசியக்காரன் சொன்னான்?

வேலை நேரத்தில் பின்கதவைப் பூட்டக்கூடாது என்று நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்ட காகிதம். பொத்தான் அக்காவை அப்போதே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

புதுக் கோட்டில் யோக் ஒற்றைத் துணி. பாக்கெட் வெறும் மூடி, தூக்கினால் உள்ளே பை இல்லை. கோட்டை எப்படி வெட்டித் தைப்பது என்று சுவரில் ஒட்டிய ஸ்டைல் ஷீட்டின் அடியில் உன் கையெழுத்து.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்கா

மார்ச் 11

என் அன்பு அக்காவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? மருந்து அனுப்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கூடப் பிறந்தவளைப் பற்றி இப்படியா நினைப்பாய்? கம்பெனி ஒன்றுதான் என்றாலும் நான் இருப்பது தலைமை அலுவலகத்து டிசைன் பிரிவில். தினமும் பத்து ஸ்டைல் ஷீட் என் கையைத் தாண்டுகிறது. துணி மிச்சமாகும் என்றுதான் ஒற்றை யோக் போட்டோம். வேறொன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி

மார்ச் 16

தங்கச்சிக்கு,

பன்னிரண்டு வருஷமாகக் கட்டிங் மேசையில் நிற்கிறவளிடம் துணிக் கணக்குச் சொல்கிறாயா? உள் யோக்கை என்றைக்கடி நாங்கள் புதுத் துணியில் வெட்டினோம்? கை, முதுகு எல்லாம் வெட்டியது போக மிஞ்சுகிற துண்டில்தான் வெட்டுகிறோம். அதை எடுத்துவிட்டால் குப்பைத் தொட்டிக்குத்தான் லாபம்.

சின்ன வயசில் என் சீப்பை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டாய். அதே குரல்.

பொத்தான் அக்கா நேற்று வீட்டுக்கு வந்தாள். "உன் தங்கச்சி அந்த ஆபீசில்தானே இருக்கா? கொஞ்சம் எனக்காகப் பேசச் சொல்லேன்" என்றாள். நான் என்ன சொல்லட்டும்?

அக்கா

மார்ச் 25

அக்காவுக்கு,

நடந்ததை எழுதிவிடுகிறேன். கூட்டத்தில் டைரக்டர் கேட்டார்: "ஒரு கோட்டில் எங்கெல்லாம் பொருளை ஒளிக்கலாம்?" பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். பாக்கெட், கஃப், காலர், பட்டன் பட்டி, யோக். டிசைன் படித்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு இங்கே வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கேட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா?

உன் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை. அதையாவது நம்பு.

தங்கச்சி

ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

ஐந்து இடம் சொன்னாயாம். பிரித்தது ஒரே இடம். மேசைமேல் நூறு கோட்டுக்குமேல் கிடந்தது. எடுத்தது ஒரே கோட்டு. ஆள் பெயரையும் பாடப்புத்தகத்திலா படித்தாய்?

காகிதம் யாருடைய கோட்டில், எந்த மடிப்பில் என்று பிப்ரவரியில் உனக்கு எழுதியது நான்தான். என் வாய்க்கொழுப்பு. தங்கச்சியிடம்தானே சொல்கிறோம் என்று நினைத்தேன். என் பெயரைச் சொல்லவில்லை என்கிறாய். அந்தக் கடிதத்தின் கீழே என் பெயர் இருக்கிறதே! அப்புறமும் ஏன் என்னை வெளியே அனுப்பாமல் வேலையில் வைத்திருக்கிறார்கள்? அதற்கும் நீதான் பேசினாயா?

அந்தப் பிப்ரவரிக் கடிதத்தை எனக்குத் திருப்பி அனுப்பு. அதை அவர்களிடம் கொடுக்காமல் நீயே வைத்திருந்தால் போதும், நான் நினைத்தது தப்பு என்று உன் காலில் விழுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 23

அம்மாவுக்கு மருந்து வந்தது. எனக்கு ஒரு வரி இல்லை.

இங்கே எல்லோரும் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பின்கதவு இன்றைக்கும் பூட்டித்தான் இருக்கிறது.

என் கடிதத்தை அனுப்பு. கிழித்துவிட்டாய் என்றால் கிழிசலை அனுப்பு.