பகிடிக்குச் சொன்ன சம்பந்தம்

2006 ஆகஸ்ட் 14
கல்லடி மண்டபத்துத் தையல் குழுவில் சேர்ந்துவிட்டேன். படிப்பிப்பது காத்தான்குடி ஜெமீலா ராத்தா. பழைய சீலைகளைக் கண்டபடி வெட்டி, அடித்துணியில் கோணல்மாணலாக வைத்துத் தைத்து, மூட்டுக்கு மேலே நிற நூலால் இலை இலையாகப் பூத்தையல் போட வேண்டும். இங்கிலீசில் இதற்குப் பைத்தியம் என்றுதான் பெயராம். அப்போ விசர்ப் போர்வை என்றேன், மண்டபமே சிரித்தது.

ஒரு போர்வைக்கு இரண்டு பேர். எதிரெதிர் மூலையில் தொடங்கி நடுவில் சந்திக்க வேண்டும். எனக்கு எதிரே சீனிப்பிள்ளை. அவளுக்கு ஒரே மகன், தச்சு வேலை செய்யும் சதீஸ்குமார். எனக்கு ஒரே மகள், யசோதினி. "என்னகா சம்பந்தி, ஊசி கோக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். நாள் முழுக்கப் பகிடிக்கு அவளுக்கு அதுதான் பெயர்.

ஆகஸ்ட் 17
எல்லோரும் சதுரமாக வெட்டியிருந்தோம். "வயல் வட்டைக்கு வரம்பு கட்டுறீங்களா புள்ள?" என்று ராத்தா எல்லாவற்றையும் பிரித்துப் போட்டாள். கோணலாக வெட்டக் கை வரவில்லை. சுனாமியில் கடல் வீட்டையும் அவரையும் எடுத்த பிறகு கிடைத்த இந்த வீடுகள் எல்லாம் ஒரே அளவு. இருந்து இருந்து கண்ணும் சதுரமாகிவிட்டதோ?

ஆகஸ்ட் 30
சண்டைக்கு ஆள் பிடிக்கிறார்கள். யார் என்று இங்கே எழுத மாட்டேன். பின் ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகளைக் கொண்டு போய்விட்டார்கள். பெடியன், பெட்டை என்று பார்ப்பதில்லை. கலியாண எழுத்து முடித்து, பதிவுக் கடதாசி வைத்திருப்பவர்களை மட்டும் விடுகிறார்களாம்.

யசோவுக்குப் பதினெட்டு. ஏ.எல். படிக்கிறாள். அவர் இருந்தால்— இல்லையே. இன்று எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

செப்டம்பர் 5
மண்டபத்துக்கே வந்துவிட்டார்கள். துவக்கோடு மூன்று பேர். விரித்த போர்வையில் சப்பாத்தோடு நின்று, வீட்டில் வயது வந்த பிள்ளை இருக்கா என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டார்கள். என் முறை வந்தது. வாய் ஓயாத நான் குனிந்து நூலைச் சுற்றத் தொடங்கினேன்.

சீனிப்பிள்ளைதான் ஊசியிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள்: "அவட மகள் என்ட மருமகள். எழுத்து முடிஞ்சு. இவ எனக்குச் சம்பந்தி, ஆரிட்டயும் கேட்டுப் பாருங்க."

மண்டபம் முழுக்க ஓம் ஓம் என்றது. என் பகிடியைக் கேட்டுக் கேட்டு, பாதிப் பேர் அதை உண்மையென்றே நம்பியிருக்கிறார்கள்.

அடுத்த முறை கடதாசியைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

செப்டம்பர் 6
"சொல்லிட்டன், இனிச் செய்யத்தான் வேணும் மச்சாள். என்ட பெடியனும் தப்புவான்" என்றாள் சீனிப்பிள்ளை. அவள் கேட்டதில் என்ன பிழை?

வீட்டில் சொன்னேன். யசோ சோற்றுப் பீங்கானைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நீங்க பகிடி விட்டதுக்கு நான் கழுத்த நீட்டணுமா?"

செப்டம்பர் 7
யசோ காலையில் சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போனாள்.

செப்டம்பர் 9
மகளுக்கு விருப்பமில்லை என்று சீனிப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். ஒரே துணியில் எதிரெதிரே குனிந்திருந்தோம். அவள் நூலை இழுத்தால் என் பக்கம் சுருங்குகிறது. இழுத்துக்கொண்டே இருந்தாள். என்ட பிள்ளைய அவ காப்பாத்தினா. அவட பிள்ளைய நான்—

செப்டம்பர் 13
நேற்று சதீஸைச் சந்தியில் மறித்து விசாரித்தார்களாம். கடதாசி எங்கே என்றார்களாம். சீனிப்பிள்ளை இதை ராத்தாவிடம் சொன்னாள், என்னிடம் இல்லை.

மத்தியானம் பள்ளிக்கூட உடுப்போடு யசோ மண்டபத்துக்கு வந்தாள். நேரே சீனிப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றாள். "எழுத்து வைப்பம் மாமி. கலியாணம் இல்ல. நான் படிச்சு முடிக்குமட்டும் ஒருத்தரும் அந்தக் கதை எடுக்கப்படாது."

"ஓம் மகள்" என்றாள் சீனிப்பிள்ளை.

என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?

செப்டம்பர் 18
எழுத்து முடிந்தது. தாலி இல்லை, மேளம் இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் வேறு வேறு சைக்கிளில் வீட்டுக்குப் போனார்கள்.

நவம்பர் 2
வந்தார்கள். கடதாசியைப் பார்த்தார்கள். போனார்கள்.

2009 பெப்ரவரி 10
யசோவுக்கு வந்தாறுமூலை கெம்பஸ் கிடைத்துவிட்டது. பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டது சதீஸ். இருவரும் மரியாதையாக ஒரு சொல், அவ்வளவுதான். என் வீட்டுக் கூரை, கிணற்றுக் கப்பி, கதவு எல்லாம் இப்போது அவன் பொறுப்பு. மருமகன், மருமகன் என்று நான் கூப்பிட, காது சிவந்து வேலை செய்வான்.

மே 19
சண்டை முடிந்துவிட்டதாம். கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வெடி கொளுத்துகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒருத்தரும் வெளியே வரவில்லை.

இனிச் சீனிப்பிள்ளை கலியாணக் கதையை எடுப்பாளோ? மகன் எத்தனை காலத்துக்குக் காத்திருப்பான்? யசோ இப்போதுதான் தொடங்கியிருக்கிறாள்.

மே 27
எடுத்தாள். புதுப் போர்வைக்குத் துண்டு பொருத்திக்கொண்டிருந்தோம். "மச்சாள், அது பயத்துக்கு வைச்ச எழுத்து. அந்தப் பயம் போயிட்டு. கோட்டுக்குப் போய் எழுத்தப் பிரிச்சு விடுவம். புள்ளைகள் தங்கட பாட்டப் பாக்கட்டும். என்ட மகனும் ஓம் என்டிட்டான்."

ஏதாவது பகிடி சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவள் என் பக்கத்துத் துண்டையும் இழுத்து வைத்துத் தானே தைத்தாள்.

லீவில் வந்திருந்த யசோவிடம் சொன்னேன். போய் நெடுநேரம் முகம் கழுவினாள். பிறகு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். இத்தனை நாளும் இந்தப் பிள்ளை அரை வயிறாகத்தான் இருந்ததா?

பின்னேரம் சதீஸ் வந்து, சொன்னபடி பின்கதவுப் பிணைச்சலை மாற்றினான். எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் தேத்தண்ணியோடு நின்றேன். கடைசியில் தம்பி என்றேன். வாங்கிக் குடித்தான். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். கதவை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்தான்.

"வாறன் மாமி" என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டுப் போனான்.