ஒரு மணிக்குச் சாப்பிட வரும் போன்

ஸ்டெல்லாம்மா,

போன திங்கட்கிழமை ஏழாம் வகுப்பறையில் கூரைச் சிமெண்ட் பெயர்ந்து இரண்டாவது பெஞ்சின் மேல் விழுந்தது. பிள்ளைகள் எல்லாரும் வெளியே பிரேயரில் நின்றதால் தப்பித்தோம். தலைமையாசிரியர் வந்து அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க டீச்சர், இதச் சரி பண்ண மூணு வாரமாவது ஆகுமுங்க. அதுவரைக்கும் கொரோனா டைம்ல செஞ்ச மாதிரி குரூப்லயே பாடத்தப் போட்டுருங்க" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அது அவர்மேல் வந்த கோபம் இல்லை என்று சற்றுக் கழித்துத்தான் புரிந்தது.

அந்தப் பழைய வாட்ஸ்அப் குரூப்பை நான் இன்னும் அழிக்கவில்லை. மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அதைத் திறந்து, மேலே தள்ளிக்கொண்டே போனேன். காலை ஒன்பதரைக்கு நான் போட்ட குட் மார்னிங். அடுத்த நிமிஷமே உங்கள் எண்ணிலிருந்து, "ஸ்டெல்லா பிரசண்ட் மிஸ்." மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடியே படித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

உங்கள் சொந்தப் பெயரே எனக்கு நீங்கள் போன பிறகு, உங்கள் லைன் வீட்டுக் காம்பவுண்டு சுவரில் ஒட்டிய அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதுவரை எனக்கு நீங்கள் ஸ்டெல்லாம்மா. இப்போதும் வேறு மாதிரி கூப்பிட வரவில்லை.

அந்தப் பிரசண்டுகளை நம்பி நான் என்ன ஆட்டம் ஆடினேன் தெரியுமா. வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். முப்பத்திரண்டும் தினம் பிரசண்ட். பல்லடத்தில் வேலை பார்க்கும் என் தோழியிடம், "என்ற கிளாஸ்ல நூத்துக்கு நூறுங்க, நீங்க எல்லாம் என்ன பண்றீங்கொ" என்று பீற்றிக்கொண்டேன். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பதிலே போடுவதில்லை. நான் பாடத்தை வீடியோ எடுத்துப் போடுவேன். சந்தேகம் இருக்கிறதா என்று கேட்பேன். யாருக்கும் சந்தேகம் இருக்காது. என் பாடம் அவ்வளவு தெளிவு என்று நினைத்துக்கொண்டேன், பாருங்கள் என் புத்தியை.

அது உடைந்த நாள் உங்களுக்கும் மறந்திருக்காது. சத்துணவு அரிசியும் பருப்பும் முட்டையும் பெற்றோர் கையில் கொடுக்கும் நாள். மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஓர் ஆளாக நிற்க வைத்திருந்தோம். நீங்கள் பனியன் கம்பெனியில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டு ஓடி வந்திருந்தீர்கள். தலையெல்லாம் பஞ்சு. நான் கையெழுத்து வாங்கும் மேஜையில் இருந்தேன். மணி ஒன்பதரை ஆகிவிட்டதே என்று வழக்கம்போல் போனில் குட் மார்னிங் போட்டேன். உடனே வந்தது, ஸ்டெல்லா பிரசண்ட் மிஸ். நிமிர்ந்தால், மூன்றாவது வட்டத்தில் நீங்கள் போனை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் நின்ற இரண்டு அம்மாக்கள் குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து வந்தேன். "ஸ்டெல்லாம்மா, போன் உங்ககிட்ட இருக்குது. புள்ள எந்தப் போன்ல கிளாஸ் கேக்கறா?"

நீங்கள் மழுப்பவில்லை. அதுதான் உங்கள் குணம். "கேக்கல டீச்சர். கம்பெனில பிசிறு வெட்டிக்கிட்டு இருக்கா" என்றீர்கள்.

தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் குட்டிக் கத்தரியால் நறுக்கும் வேலை. பன்னிரண்டு வயசுப் பிள்ளை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அப்பறம் எதுக்குங்க தினமும் பிரசண்ட்டு போட்டீங்க? யார ஏமாத்தறீங்க?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"ஏமாத்தணும்னு இல்ல டீச்சர். கம்பெனில நாலு நாளு சேந்தாப்ல வரலன்னா நம்ம மெஷின்ல வேற ஆள உக்கார வச்சிருவாங்க. பொறவு போனா கேட்டுலயே நிக்க வேண்டியதுதான். ஸ்கூல்லயும் அப்படித்தான இருக்கும். பிள்ளைக்குள்ள எடம் போயிரக் கூடாதுல்லா. அதான் இருக்கா இருக்கான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்." பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கும் நான்தான் டைப் அடிக்கச் சொல்லிக் குடுத்தேன்" என்றும் சேர்த்தீர்கள். உங்கள் காம்பவுண்டில் மட்டும் பத்தொன்பது பிள்ளைகள். என் நூற்றுக்கு நூறு அப்படி வந்தது.

எத்தனை நாள் வராவிட்டாலும் அந்த இடம் அவளுக்குத்தான், அதில் வேறு யாரையும் உட்கார வைக்க மாட்டோம் என்றேன். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "எங்க சூப்பர்வைசரும் இப்படித்தான் டீச்சர் சொல்லுவாரு." அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போய்விட்டீர்கள். நான் அன்று முழுக்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, காலையிலிருந்து இரவு வரை ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்குப் பள்ளிக்கூடம் கம்பெனி மாதிரி இல்லை என்று யார் சொல்லியிருக்கிறார்கள்? நான் சொல்லவில்லை. பேர் கூப்பிடுவதும் பிரசண்ட் வாங்குவதும்தான் என் வேலை என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் உங்கள் லைன் வீட்டைத் தேடி வந்தேன். பத்துக்குப் பத்து அறைகள், எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, நடுவில் தண்ணீர்த் தொட்டி. என்ன செய்யலாம் என்று கேட்டேன். நீங்கள் யோசிக்கக்கூட இல்லை. "ஒம்பதரைக்கு போனு கம்பெனில இருக்கும் டீச்சர். மத்தியானம் ஒரு மணிக்குத்தான் சாப்பிட வீட்டுக்கு வரும். ரெண்டு மணிக்குத் திரும்பப் போயிரும். பாடத்த ஒரு மணிக்கு வைங்க." எங்கள் பள்ளியில் பத்து ஆசிரியர்கள் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டது. உங்களுக்கு அரை நிமிஷம் ஆயிற்று.

அப்படித்தான் ஒரு மணி வகுப்பு ஆரம்பித்தது. நான் பொங்கலூரில் என் வீட்டுச் சமையலறையிலிருந்து பேசுவேன். அங்கே தொட்டியைச் சுற்றி ஒரு போனுக்கு மூன்று பிள்ளைகள். பின்னணியில் தட்டுச் சத்தம், குக்கர் விசில், யாரோ யாரையோ குழம்பு ஊற்றச் சொல்வது. நீங்கள் நின்றுகொண்டே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து, "டீச்சர், இன்னைக்கு பதினேழு. ஒருத்தன் தூங்குதான், எழுப்பிட்டு வாரேன்" என்பீர்கள். அது உண்மையான பதினேழு. என் பழைய முப்பத்திரண்டைவிட எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் ஸ்டெல்லா மட்டும் வரவில்லை. அவளைக் கம்பெனியிலிருந்து நிறுத்திவிட்டீர்கள், வீட்டில்தான் இருந்தாள், கதவைத் தாண்டி வரமாட்டாள். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். "எனக்கு எல்லாம் மறந்துபோச்சு மிஸ். இனி வந்தா எல்லாரும் சிரிப்பாங்க. நான் கம்பெனிக்கே போறேன் மிஸ், அங்க என்னய செக்கிங்ல போடுறேன்னு சொல்லிருக்காங்க" என்றாள். நான் என்னென்னவோ சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். பிள்ளை நம் கையை விட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

மறுநாள் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். உங்கள் குரல் வந்தது. "டீச்சர், அவ வரலன்னா அவ எடத்துல நான் உக்காருதேன். எனக்கு ஒரு சந்தேகம்." அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவர் நீங்கள். "மூணுல ஒண்ணவிட ஆறுல ஒண்ணு சின்னதுங்கீங்க. ஆறு பெரிசுல்லா, அது எப்படி சின்னதாகும்?" பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் விடவில்லை. நான் இரண்டு தரம் விளக்கியும், "இல்ல டீச்சர், நீங்க சொல்லுதது தப்பு" என்று சாதித்தீர்கள். மூன்றாம் தரம் நான் வாயைத் திறப்பதற்குள், போனுக்கு எங்கோ தள்ளி ஒரு எரிச்சல் குரல். "ஐயோ அம்மா, ஒரு டஜன் பீஸ மூணு மெஷினுக்குப் பிரிச்சா ஒரு மெஷினுக்கு நாலு பீசு. ஆறு மெஷினுக்குப் பிரிச்சா ரெண்டுதான வரும். மானத்த வாங்காத."

யாரும் சிரிக்கவில்லை. "யாரது, இன்னொருக்கா சொல்லு கண்ணு, மத்தவங்களுக்கும் கேக்கட்டும்" என்றேன். ஸ்டெல்லா சொன்னாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். நீங்கள் நிஜமாகவே புரியாமல் கேட்டீர்களா என்று பிற்பாடு கேட்டதற்கு, "இன்னும் புரியல டீச்சர்" என்றீர்கள். இன்றுவரை எனக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை.

பள்ளி திறந்த அன்று அவளை நீங்களே கூட்டிவந்தீர்கள். வகுப்பறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தீர்கள். ஜன்னலோரம் அவளுடைய பழைய பெஞ்சு காலியாக இருந்தது. ஸ்டெல்லா போய் உட்காரும்வரை நீங்கள் நகரவில்லை. "பரவால்ல டீச்சர், சொன்னது மாதிரியே வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடினீர்கள். என்னை அதற்குமுன் யாரும் அப்படிப் பாராட்டியது கிடையாது.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது நீங்கள் போனீர்கள். கம்பெனி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நான் மண்ணள்ளிப் போட்டுவிட்டு வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, உங்கள் மேலேயே. இவ்வளவு அவசரம் என்ன என்று.

காரியம் முடிந்தும் ஸ்டெல்லா வரவில்லை. லைன் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். "அவ அம்ம மெஷின் சும்மா கெடக்கு டீச்சர். இன்னைக்கே போயி உக்காந்தா அது இவளுக்குன்னு சொல்லுதாங்க. நாலு நாளு கழிச்சுன்னா வேற ஆளு வந்துரும்" என்றார். நீங்கள் அன்று மைதானத்தில் பேசியதையே அவரும் பேசினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் விடவும் இல்லை. தினம் மத்தியானம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒரு மணிக்கு அங்கே போனேன். வா என்று கூப்பிடவில்லை. அன்றைய கணக்கைத் தொட்டியின் மேல் வைத்து அவளுக்கு நடத்திவிட்டு, இரண்டு மணிக்குள் பள்ளிக்குத் திரும்புவேன். பன்னிரண்டாம் நாள் அவர், "வெயில்ல இப்படி அலையாதீங்க டீச்சர். மெஷினுக்கு வேற ஆளு வந்துட்டாங்க, நாளைக்கு அவளையே அனுப்புதேன்" என்றார். அனுப்பினார்.

இப்போது ஸ்டெல்லா காலேஜில் முதல் வருஷம் பி.காம் படிக்கிறாள். லீவு நாளில், தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போகிறாள், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சொன்னால் என்னையே அதட்டுகிறாள், உங்கள் குரலில்.

இனி இந்த மூன்று வாரக் கதை. தலைமையாசிரியரிடம், "போன்ல பாடம் நடத்தறேனுங்க சார். ஆனா ஒரு மணிக்குத்தான். பிரசண்ட்டு மட்டும் போன்ல வாங்க மாட்டேன், புள்ளையப் பாத்துத்தான் போடுவேன்" என்றேன். "முப்பது ஊட்டுக்கும் நீங்களே போவீங்களா?" என்றார். போவேன் என்றேன். தினம் காலையில் ஆறேழு வீடுகள் போகிறேன்.

இன்று போனது முதலிபாளையம் தாண்டி ஒரு வீடு. ஒரிசாவிலிருந்து வந்த குடும்பம். சுனிதா என்று ஒரு பெண், ஏழாவது. நான் கேட்காமலே அவள் அப்பா போனிலிருந்து நான்கு நாளாகப் பிரசண்ட் வந்தபடி இருந்தது. அவளோ வீட்டு வாசலில் உட்கார்ந்து, முன்னால் குவித்திருந்த பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கத்தரியைப் பின்னால் மறைத்தாள். அவள் அப்பா, "மேடம், ஸ்கூல் உடஞ்சு போச்சு. இவ சீட்டு போச்சு. இப்ப கம்பெனி சீட்டும் போனா என்ன பண்றது மேடம்" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

நான் எதுவும் விளக்கவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. சுனிதா எழுந்து வந்து, மேலிருந்து விரலை இறக்கிக்கொண்டே வந்து இருபத்தொன்றாவது வரியில் நிறுத்தினாள். தன் பெயரை முதலில் மெதுவாகவும், அப்பா திரும்பிப் பார்த்ததும் சத்தமாகவும் படித்தாள். நான் அவள் கண் முன்னாலேயே பேனாவை எடுத்து இன்றைய பிரசண்ட்டைப் போட்டேன்.

நாளைக்கு ஒரு மணிக்கு அவள் குரல் வர வேண்டும். வராவிட்டால் ஒன்றரைக்கு நான் அந்த வாசலில் நிற்பேன், ஸ்டெல்லாம்மா.