ஜசமலின் எட்டு மணிகள்

1873 ஜூன் 2, மிலம்

கணவாயில் பனி இளகிவிட்டதாம். ஆடுகள் முதுகில் சுமக்க உப்புப் பை தைத்து முடித்தேன். வியாபாரத்துக்குப் போவதாகத்தான் ஊரில் சொல்லியிருக்கிறேன். கழுத்தில், திபெத்துப் பாதையை ரகசியமாக அளந்துவர டேராடூன் நில அளவைத் துரை கொடுத்த ஜபமாலை. பக்தர்கள் மாலைபோல நூற்றெட்டு அல்ல, நூறு மணி; எண்ணிப் பார்த்தால் துரையின் ஒற்றன் என்று தெரிந்துவிடும். நூறு அடிக்கு ஒரு மணி தள்ள வேண்டும். ஒரு சுற்று பத்தாயிரம் அடி. தேபு அண்ணனும் இப்படித்தான் எண்ணிக்கொண்டு திபெத்துக்குள் போனான். ஞானிமா காவல்சாவடியோடு அவன் கோடு வரைபடத்தில் நின்றுபோனது. அங்கிருந்து கிழக்கே ஏரி வரை நான் நடந்துவிட்டால் அவன் பாதை முழுசாகும். அதுதான் ஆசை.

அது மட்டும்தானா? பொய் சொல்லாதேடா ஹர்கு.

ஜூன் 5

கம்பளி வியாபாரி ஜசமல் வந்தான். எங்கள் கூட்டத்தோடுதான் ஞானிமா சந்தைக்கு வருகிறானாம். ஆறு வருஷத்துக்கு முன் சாவடித் தலைவனிடம், "அவன் மாலையை எண்ணிப் பாருங்க" என்று அண்ணனைப் போட்டுக்கொடுத்த அதே வாய், இன்று என் வீட்டு உப்புத் தேநீரை உறிஞ்சியது. அண்ணன் அந்தச் சாவடிச் சிறையிலேயே செத்தான். திபெத்து வியாபாரத் தோழனும் அண்ணனும் தங்களுக்குள் மட்டுமே வியாபாரம் என்பதற்கு அடையாளமாக ஒரு கல்லை உடைத்து ஆளுக்குப் பாதியாக வைத்திருந்தார்கள். அண்ணனின் பாதி இப்போது ஜசமல் இடுப்பில். தோழனும் இவனுக்கே. அதற்காகத்தானே செய்தான்!

"டேய் ஹர்கு, மாலைக் கயிறு நைஞ்சு போச்சு. கோத்துக் குடுடா. ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"தலைவலிண்ணே."

"ஒரு கல்யாணத்தைப் பண்ணு, சரியாப் போயிடும்."

சிரித்துவைத்தேன். பாவி.

ஜூன் 6

கோத்தாயிற்று. அவனுக்கு நூறு. உருவிய எட்டும் என் மாலையில். இப்போது நான் நூற்றெட்டு மணிக்கார பக்தன். அவன் மணிகள் வெண்ணெய்க் கை பட்டுக் கறுத்தவை, பார்த்தால் தெரியும். தெரியட்டுமே. தன் மாலையில் குறைவதை அவன் கண்டுபிடிப்பானா? மாட்டான். அவன் உருட்டுகிறவன், எண்ணுகிறவன் அல்ல.

ஜூன் 19, ஞானிமா

சாவடித் தலைவனிடம் அதே வார்த்தைகளைச் சொன்னேன். ஒன்றைக்கூட மாற்றவில்லை.

ஜசமலின் மாலையை எண்ணினார்கள். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. அவ்வளவுதான்.

"ஐயா, நான் கம்பளி வியாபாரிங்க! வருஷா வருஷம் வர்றவன்தானே!" பிறகு என் கழுத்தைப் பார்த்துவிட்டான். "அடப்பாவி, அந்தக் கறுப்பு மணியெல்லாம் என்னுதுடா!"

தலைவன் என் மாலையையும் வாங்கி எண்ணினான். நூற்றெட்டு. நெற்றியில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தான்.

"தேபுவுக்காகவாடா?" இழுத்துப்போகும்போது ஜசமல் கத்தினான்.

ஆமாடா. ஆமா! வயிறு குளிர்ந்துவிட்டது.

ஜூன் 20

கிழக்கே. இரண்டு சுற்று.

ஜூலை 8, ஏரிக்கரை

முடிந்தது. அண்ணா, முடிந்தது!

செப்டம்பர் 14, டேராடூன்

துரை என் தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "ஒரே பாதை. போகும்போது ஒரு கணக்கு, திரும்பும்போது ஒரு கணக்கு. ஒரு நாளும் பொருந்தலையே, என்னப்பா இது?"

அந்த எட்டு மணிகள்! விரலில் பட்டதும் சில நாள் தாண்டிப் போனேன், அடி எண்ணாமல். சில நாள் அவன் அலறியது காதில் கேட்கும் — அப்போது ஒவ்வொன்றாக ருசித்து உருட்டினேன், அடியோடு சேர்த்து. எந்த நாள் சுற்றுக்குப் பத்தாயிரம் அடி, எந்த நாள் பத்தாயிரத்து எண்ணூறு? எழுதிவைக்கவில்லையே. ஐயோ, எழுதிவைக்கவில்லையே.

"மாலையைக் காட்டு."

"தொலைஞ்சு போச்சுங்க துரை."

சட்டைக்குள் கழுத்தில்தான் கிடந்தது.

செப்டம்பர் 15

இன்னொரு தடவை அனுப்புங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "கணக்குத் தப்புறவனை அனுப்பி என்ன பண்றது?" என்றார். தாள்களை ஓரமாக ஒதுக்கிவிட்டார்.

சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் போய்ப் பார்த்தேன். அண்ணன் கோடு ஞானிமா சாவடியோடு நிற்கிறது. அதற்குக் கிழக்கே வெறும் வெள்ளைத் தாள்.

ஜசமலும் அந்தச் சாவடியில்தான் இருக்கிறான்.