கை கழுவினீங்களா, சகலை?

மே 9, வெள்ளி

கத்திரி வெயில். மாட வீதித் தார் செருப்பைப் பிடித்து இழுக்கும் சூடு. கம்ப்யூட்டர் சென்டரில் முதல் நாள். பாத்திரக்கடைக்கு மேல் மாடி. ஏ.சி. அறை, தூசு ஆகாதாம், ஷூவை வாசலிலேயே கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். வலது சாக்ஸில் ஓட்டை. கட்டைவிரல் முழுசாக வெளியே வந்து வகுப்புக்கே வணக்கம் சொன்னது. மேடம் (இருபத்திரண்டு வயது இருக்கும்) பார்த்தும் பார்க்காத மாதிரி, "உக்காருங்க அங்கிள்." நல்ல குடும்பத்துப் பெண்.

படித்தது: பெட்டிதான் மூளை. டி.வி. மாதிரி இருப்பது வெறும் முகம். சொன்னதைச் செய்யும், சுயபுத்தி கிடையாது. இதில் பாதி குணம் சகலைக்கும் உண்டு, சொன்னதைச் செய்யும் பாதி அல்ல.

சகலை என்றால் என் வீட்டுக்காரி கமலாவின் தங்கை புருஷன், பேங்க் ஆபீசர், அடையாறு. இனி இந்த நோட்டில் ச. மட்டும். முழுப் பெயர் எழுத மை வீண்.

போன ஞாயிறு அவன் வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் திறப்பு விழா. கீபோர்டைப் பார்த்ததும் பழைய பாசம், டைப்பிஸ்ட் கை, தொடப் போனேன். "தொடாதீங்க சகலை, வைரஸ் ஒட்டிக்கும்!" என்றான். நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கை கழுவிட்டு வந்து தொட்டா?" என்று கேட்டேன். சொந்தக்காரர்கள் சிரித்தது திருவான்மியூர் வரைக்கும் கேட்டிருக்கும். மாலதியும் சிரித்தாள். என் பெண். அது போதும்.

இந்த வகுப்பு அறிவுக்காக இல்லை. பழிக்காக. வீட்டில் சொல்லியிருப்பது: சாயங்காலம் கோயில், ஒன்பது சுற்று.

மே 12, திங்கள்

புழுக்கம். காற்று இல்லை. இன்று அடித்துப் பழகும் பாடம். ஆபீசில் இருபது வருஷம் டைப் அடித்த கை, குதிரை மாதிரி ஓடிற்று. "ஃபாஸ்ட்டா இருக்கீங்களே அங்கிள்!" என்றார் மேடம். அந்தப் பெருமையில் வரி முடிந்ததும் பழக்க தோஷம். டைப்ரைட்டர் நெம்புகோலைத் தள்ள இடது கை தானாக வீசி, பக்கத்து நாற்காலியில் படிக்க வந்திருந்த முஸ்லிம் பாயின் மூக்குக்கண்ணாடி பறந்தது.

பாய்க்குத் திருவல்லிக்கேணியில் கண்ணாடிக்கடை. எடுத்து, ஊதி, மாட்டிக்கொண்டார். "ஒண்ணியும் ஆவல நைனா. நம்ம கடை சரக்கு." சிநேகிதமாகிவிட்டோம்.

வீட்டில் கமலா: "கோயிலுக்குப் போனீங்களே, விபூதி எங்க?" நாளையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் வைக்க வேண்டும். மறக்கக் கூடாது.

மாலதி லீவுக்கு அடையாற்றில், சித்தி வீட்டில். டைப்பிங் லோயர் பாஸ் பண்ணியவள். நம் வீட்டு ஓட்டை மெஷினில் நான் பழக்கிய விரல். இப்போது ச. வீட்டுக் கம்ப்யூட்டர்தான் உசத்தி. போனில், "அப்பா, கை கழுவினீங்களா?" பின்னால் ச.வின் சிரிப்பு. எழுதி வைத்துக்கொண்டேன். இதற்கும் சேர்த்து.

மே 15, வியாழன்

கட்டம் போட்ட பக்கத்தில் கூட்டல் பாடம். பழங்களின் பெயர் ஒரு பக்கம், எண்ணிக்கை ஒரு பக்கம். அடியில் ஒரு கட்டளை, தானே கூட்டும். எனக்கு மட்டும் தப்பான விடை. மூன்று தடவை. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றேன்.

மேடம் குனிந்து பார்த்தார். "அங்கிள், இது ஒண்ணு இல்ல. எல்."

எங்கள் டைப்ரைட்டரில் ஒன்று என்ற எண்ணே கிடையாது. இங்கிலீஷ் எழுத்து சின்ன எல்தான் ஒன்று. இருபது வருஷமாகப் பன்னிரண்டு என்றால் எல், இரண்டு. காகிதத்தில் எவனும் கண்டுபிடித்ததில்லை. கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடுகிறது, எழுத்து என்று தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் கூட்டுகிறது. அடையாளமும் உண்டு: எண் வலது ஓரம் நிற்கும், எழுத்து இடது ஓரம் ஒட்டும்.

பாய்: "ஒரு கோடுதான் நைனா. எழுத்தா கீது, இவன் கண்ணுக்கு நம்பரா தெரில. பவர் மாத்தணும்." சிரித்தோம்.

விபூதி வாங்க மறந்தேன். பாயிடம் ஊதுபத்தி வாங்கிப் போய்ச் சமாளித்தேன்.

மே 18, ஞாயிறு

அடையாறு. அடுத்த ஞாயிறு மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம், மயிலாப்பூரில் மண்டபம். இரண்டு மாப்பிள்ளைகளும் பொறுப்பு. பங்கீடு: சமையல், பத்திரிகை, பந்தி எல்லாம் ச.வுக்கு. எனக்கு வாசலில் பன்னீர் தெளிப்பு.

ச. நீளக் காகிதத்தைத் தோரணம் மாதிரி விரித்தான். யார் வீட்டிலிருந்து எத்தனை பேர், எல்லாம் கம்ப்யூட்டர் பிரிண்ட். "மொத்தம் இருநூத்திப் பதினாலு இலை. பைசா சுத்தம். சகலை, நீங்க விரல் விட்டு எண்ண வேணாம்."

எனக்கும் ஒரு பிரதி. பன்னீர் தெளிக்க உதவுமாம்.

பஸ்ஸில் பார்த்தேன். சில எண்கள் வலது ஓரம். சில இடது ஓரம் ஒட்டிக்கொண்டு. திருவொற்றியூர் பெரியப்பா வீடு பன்னிரண்டு: இடது. காஞ்சிபுரம் சம்பந்தி பதினைந்து: இடது. ஒன்று வரும் இடமெல்லாம் இடது!

பென்சிலால் கூட்டினேன். முந்நூற்று முப்பத்தொன்று. லஸ்ஸில் இறங்காமல் இரண்டு ஸ்டாப் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்தேன். நடக்கவில்லை, மிதந்தேன்.

மே 21, புதன்

மழை வரும் போலிருந்து வரவில்லை. திட்டம் தயார். சனிக்கிழமை மண்டபத்தில், சமையல்காரரிடம் கணக்கு ஒப்படைக்கும் நேரம், மாமனார், சொந்தம் எல்லாம் கூடியிருக்க, தொண்டையைக் கனைத்து: "அது ஒண்ணு இல்ல சகலை, எல்." பிறகு சாவகாசமாக விளக்கம். கடைசியில், "கை கழுவிட்டு அடிச்சிருக்கலாம்."

கண்ணாடி முன் ஒத்திகை. கமலா: "யார்கிட்ட பேசறீங்க?" "சாமிகிட்ட." "சாமிகிட்ட இப்படியா புருவத்தைத் தூக்குவாங்க?"

பாயிடம் சொன்னேன். யோசித்தார். "வாங்கு நைனா, பழி வாங்காதன்னு சொல்லல. சோத்துல மட்டும் வாங்காத. பசிச்சவன் யார் தப்புன்னு பாக்க மாட்டான், குடும்பத்தையே திட்டுவான்." முதல் நாளே சொல்லிவிடப் போகிறேனே, யாரும் பசியோடு போகமாட்டார்கள், ச.வின் மானம் மட்டும்தான் போகும் என்றேன். "அப்ப சரி," என்றார்.

மே 24, சனி

மண்டபம். வாழைமரம், சந்தன வாசனை. சமையல்காரர் துண்டை உதறிக்கொண்டு, "எத்தினி எலை சார்?" என்றார். ச. காகிதத்தை விரித்தான். மாமனார், மாமியார், காஞ்சிபுரம் கூட்டம், எல்லோரும் சுற்றி. இதைவிட நல்ல மேடை கிடையாது. தொண்டையைக் கனைத்தேன்.

அதற்குள் ச., "ஒரு நிமிஷம். மாலதி, இங்க வாம்மா. மாமா, இது பூரா நம்ம மாலதி அடிச்சது. நான் ஸ்விட்ச் போட்டதோட சரி. என்ன வேகம் தெரியுமா!"

மாமனார் அவள் தலையில் கை வைத்தார். "அப்பன் கை வந்திருக்கு," என்றார். மாலதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு இல்லை, வேறு.

அப்பன் கைதான். எல் உள்பட.

"என்ன சகலை, ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. தொண்டையில தூசு."

பிறகு கொல்லைப்புறம், அடுப்படி. "மாஸ்டர், முந்நூத்தி நாப்பதுக்குப் பண்ணிடுங்க."

"இன்னா சார், கம்ப்யூட்டர்ல இருநூத்திச் சொச்சம்னு கீது?"

"கம்ப்யூட்டர் சாப்பிட வராது மாஸ்டர். காஞ்சிபுரம் வரும்."

"அப்ப அந்தப் பேப்பரு?"

"அது ஃபிரேம் போட. பெரியவர் கேட்டா மூச்சு விடக் கூடாது."

"சரி சார். நம்பளுக்கு இன்னா, எலைய எண்ணிக்கினா போதும்."

மே 25, ஞாயிறு

விடியலில் நாலு தூறல், பிறகு வெயில். மாமனார் தாலி முடிச்சை இரண்டு தடவை தப்பாகப் போட்டார், மாமியார் அதட்டினார். பன்னீர் தெளித்தேன். ச.வின் பட்டுச் சட்டையில் கொஞ்சம் அதிகமாக.

கடைசிப் பந்தி வரை சாதம், சாம்பார், பாயசம் குறையவில்லை. மிச்சமும் இல்லை. ச. காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிக்கொண்டே திரிந்தான். "பாத்தீங்களா மாமா? கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தான். ஒரு இலை பிசகல." காஞ்சிபுரத்தார் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் மாலதியையே அடித்துத் தரக் கேட்டார்கள். அதற்குள் அவளைத் தனியாக உட்காரவைத்து ஒன்று எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்டால்? கோயிலில் சொன்னார்கள் என்பதா?

கடைசிப் பந்தியில் நாங்கள். குழாயடியில் வரிசை. எனக்குப் பின்னால் ச., உரக்க, எல்லோருக்கும் கேட்கும்படி:

"கை கழுவினீங்களா, சகலை?"

சிரிப்பு. மாலதி இந்தத் தடவை சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"நல்லாக் கழுவிட்டேன், சகலை," என்றேன். உட்கார்ந்தேன். இலை போட்டார்கள். நாக்கு நுனி வரை வந்ததை முதல் உருண்டையோடு சேர்த்து விழுங்கினேன்:

அது ஒண்ணு இல்லடா. எல்.