தாலி என்று எழுதினால் அது உன்னுடையது

குனோங் ராபாட், ஈப்போ.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தினேசுக்கு ஜெயபாலன் எழுதுவது.

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். பூனையும் நன்றாக இருக்கிறது. உன் கறிவேப்பிலைச் செடிக்கு மட்டும் என்மேல் ஏதோ கோபம், இலையை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. சிங்கப்பூரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், கால் வலி குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் நம் மகள் லோஷினியிடமாவது சொல்லிவிடு, என்னிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதம் வந்தால் உன் ஹாஸ்டலில் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நீதானே கேட்டாய்? நேற்று உன் தம்பி ரூபன் சித்தியவானிலிருந்து போன் அடித்தான். ஹலோகூட இல்லை, எடுத்த எடுப்பில் “யாரு மச்சான் அந்தப் பொம்பள?” என்றான். எந்தப் பொம்பளை என்று கேட்டேன். “நடிக்காதீங்கலா, அக்கா சோறு திங்காம அழுவுது” என்றான். நான் உனக்குப் போட்ட மெசேஜை அவன் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. நடந்ததை முழுக்கச் சொன்னேன். அப்புறம் சிரித்தான் பார், மூச்சு வாங்குகிற அளவுக்கு. சிரித்து முடித்துவிட்டு நீ சொல்லிவிட்டதைச் சொன்னான். “அவரு பேச ஆரம்பிச்சா சிரிச்சே மழுப்பிடுவாரு. சொல்றத எழுதி அனுப்பட்டும், தமிழ்ல எழுதட்டும்” என்றாயாம். எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு நான் தமிழில் எழுதியதெல்லாம் நமக்கு நிச்சயமானதும் உனக்கு எழுதியதுதான். லகர ளகரம் இடம் மாறியிருந்தால் திட்டாதே.

நடந்தது இதுதான். போன ஞாயிறு நான் கனகராஜோடு லூமுட் பக்கம் மீன் பிடிக்கப் போனேன். உனக்குத் தெரியும், என் டிபார்ட்மெண்ட் ஆள், மீன் பைத்தியம். அங்கிருந்து உனக்கு வாட்ஸப் போட்டேன், நாம் எப்போதும் போடுகிற மாதிரி ஆங்கில எழுத்தில் தமிழ். “தாலி அறுந்துபோச்சி” என்று போட்டேன். நீ “எப்போ?” என்றாய். “இப்பதான். ஒன்னும் இல்ல, பழசுதானே, புதுசு மாத்திக்கலாம்” என்றேன். கொஞ்சம் பொறுத்து நீ “உங்க இஷ்டம்” என்று போட்டாய். அட, தினேசு நல்ல மனநிலையில் இருக்கிறாள், புதுசு வாங்க உத்தரவே கொடுத்துவிட்டாள் என்று நான் கட்டைவிரல் படம் வேறு அனுப்பிவைத்தேன். ஐயோ, அந்தக் கட்டைவிரலை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அறுந்தது தூண்டில் நூல், தினேசு. மலாய்க்காரர்களுக்குக் கயிறும் தாலி, தூண்டில் நூலும் தாலி. தூண்டில் போடுகிற தமிழனும் சீனனும் அதையேதான் சொல்வான். வாயில் வந்ததை அப்படியே தட்டிவிட்டேன். “கழுத்துத் தாலிக்கு நடுவுல ஹெச் வரும், தூண்டில் தாலிக்கு வராது. நீங்க எப்பவாச்சும் ஹெச் போட்டிருந்தாதானே அக்காவுக்கு வித்தியாசம் தெரியும் மச்சான்?” என்று ரூபன் கேட்கிறான். நான் எதற்கு ஹெச் போட்டிருக்கிறேன்? தண்ணிக்கும் போட்டதில்லை, தம்பிக்கும் போட்டதில்லை. ஆனால் உன்மேலும் தப்பில்லை. மஞ்சள் கயிறு தூசு விடும், சுத்த அறைக்குள் கழுத்தில் எதுவும் கூடாது என்று உன் கம்பெனியில் சொன்னதால்தான் நீ அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். பத்திரமாக வைக்கச் சொன்ன பொருளைப் பற்றி, பழசுதானே அறுந்துபோச்சு என்று ஒருவன் சொன்னால் எந்தப் பெண்ணுக்கு வயிறு எரியாது?

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துதான். ஹெச்சும் கைகொடுக்காது. அதனால் இந்தக் கடிதத்தில் தூண்டிலில் கட்டுவதை நூல் என்றே எழுதுகிறேன். தாலி என்று எழுதினால் அது உன்னுடையது.

நூல் எப்படி அறுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்கிறவன் இவ்வளவு விவரம் சொல்ல மாட்டான் என்று நீ நம்புவாய் அல்லவா? நான் இவ்வளவு நாளும் பத்து காஜா ஊர்ப் பக்கம் ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைகளில்தான் ஹாருவான் பிடித்துக்கொண்டிருந்தேன். லோஷினி பிறந்தபோது உனக்கு சூப் வைத்துக் கொடுத்தோமே, அந்த விரால் மீன். தூண்டிலைக் கவ்வியதும் அது செடிகொடிக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். ஒளிய விடாமல் ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவர வேண்டும். அதற்குக் குட்டையான, விறைப்பான கம்பு வேண்டும். கம்பின்மேல் உட்கார்ந்திருக்கிற, நூல் சுற்றுகிற உருளை மெஷின் வேண்டும். இழுத்தால் கொஞ்சமும் நீளாத பின்னல் நூல் வேண்டும். மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுப்பதற்கு மெஷினில் டிராக் என்று ஒரு திருகு இருக்கும், அதைக் கடைசிவரை இறுக்கி வைத்துக்கொள்வேன். குட்டையில் அதுதான் சரி.

அதே கம்பையும் அதே நூலையும் எடுத்துக்கொண்டு நான் ஆறும் கடலும் சேருகிற இடத்துக்குப் போனேன். அங்கே சியாக்காப் மீன் கடித்தது. பெரியது. அது ஒளியாது, ஓடும். தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும். டிராக் இறுகிக் கிடக்கிறது, நூல் நீளாது, படகு கட்டுகிற ஜெட்டிக் கம்பத்தில் சிப்பி ஒட்டிக் கத்தி மாதிரி நிற்கிறது. டப்பென்று ஒரு சத்தம்தான் கேட்டது. கனகராஜ் தலையில் கையை வைத்துக்கொண்டான். “குட்டத் தூண்டில எடுத்துட்டுக் கடலுக்கு வந்திருக்கீங்களே அண்ணே! அது ஓடட்டும்லா, ஓடிக் களைக்கட்டும். அதுக்காக டிராக்க ஒரேயடியா லூசாவும் விடாதீங்க, கம்பத்தச் சுத்திக்கும்” என்றான். நான் உனக்கு மெசேஜ் தட்டினேன். மிச்சம் உனக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அவனோடு தூண்டில் கடைக்குப் போனேன். கடலுக்கு நீளமான கம்பு எடுத்தோம், தூரமாக வீசலாம், மீன் எகிறினாலும் வளைந்துகொடுக்கும். மெஷின் கம்புக்குக் கீழே தொங்குகிற வகை, நூல் நிறையக் கொள்ளும். உப்புத் தண்ணீர் பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலச வேண்டுமாம். பின்னல் நூலின் முனையில் இரண்டு கையையும் விரித்த நீளத்துக்குத் தடித்த நைலான் நூலை முடிந்துகொள்ள வேண்டும். சிப்பியில் உரசினாலும் அது சட்டென்று அறாது. கடைக்காரத் தவுக்கே நூலைத் தடவிக் காட்டி, தூண்டிலை இரவல் கொடுக்காதே, கண்ட கண்ட இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றார். குட்டைத் தூண்டிலைக் கடலுக்குத் தூக்கிப்போனவன் நான்தானே, கனகராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

கடையை விட்டு வெளியே வருகிற நேரத்தில் சுவரோரமாக ஒரு சின்னக் கம்பைப் பார்த்தேன். துடைப்பக்குச்சியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். ஓடுகிற ஆற்றுக்கு, தெளிந்த தண்ணீருக்கு என்றார் தவுக்கே. அங்கே மீன் நம்மைப் பார்த்துவிடும், அதனால் எல்லாமே மெல்லியதாக இருக்க வேண்டுமாம். மெஷின் கைக்குள் அடங்கிவிடும், நூல் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. கோப்பேங்கில் லோஷினி படிக்கிற மெட்ரிக்குலேஷன் காலேஜைத் தாண்டிப் போனால் அந்த மாதிரி ஆறு இருக்கிறது. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

நீ ஒருநாள் குட்டையில் என் தூண்டிலை வாங்கி வீசிப் பார்த்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நூலெல்லாம் சிக்கிக் கூடு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வராதுப்பா என்று கம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்துகொண்டாய். நீ இடக்கைக்காரி. அந்த உருளை மெஷினில் கைப்பிடி ஒரு பக்கம்தான், மாற்ற முடியாது. இடது கையால் வீசிவிட்டுச் சுற்றப் போனால் கைப்பிடியும் இடது பக்கமே இருந்தது. தப்பு மெஷின்மேல், உன்மேல் இல்லை. இந்தச் சின்ன மெஷினில் கைப்பிடியைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளலாம். உனக்கென்று அதை வாங்கி, கடையிலேயே வலது பக்கம் மாற்றி மாட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். “அண்ணி மீன் பிடிப்பாங்களா?” என்று கனகராஜ் கேட்டான். பிடித்தால் அவனும் நானும் எட்ட நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான் என்றேன்.

திங்கட்கிழமை.

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து பேய் மழை, கரண்டும் போய்விட்டது. இன்று காலை ஷிப்டு முடித்து வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று மத்தியானம் உன் நாத்தனார், நவமணி அக்கா, குழம்பு கொண்டுவந்தது. முன்வாசல் கம்பிக்கதவு பூராவும் நான் நூலை முடிந்து முடிந்து வைத்திருப்பதைப் பார்த்து, என்னடா தம்பி, பிள்ளை வரம் வேண்டிக்கொண்டாயா என்று கேட்டது. மெல்லிய நூலையும் தடித்த நூலையும் சேர்க்கிற முடிச்சைப் பழகிக்கொண்டிருந்தேன். முடிச்சைக் காய்ந்தபடி இறுக்கினால் உரசுகிற சூட்டிலேயே நூல் பாழாகிவிடும். எச்சிலோ தண்ணீரோ தொட்டு, ஈரமாக்கி, மெதுவாக இறுக்க வேண்டும் என்று கனகராஜ் சொல்லிக்கொடுத்தான். அக்காவிடம் நம் கதையையும் சொன்னேன். சிரிக்கும் என்று பார்த்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டது. “அந்தப் புள்ள அங்க தனியா என்ன பாடுபட்டுச்சோ. மொதல்ல அவள வரச் சொல்லுடா” என்றது.

இப்போது அந்தப் பேச்சுக்கு வருகிறேன். மாதக் கடைசியில் உன் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம், லோஷினி சொன்னாள். நீ என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். கம்பெனி ஈப்போ கிளையை மூடிவிட்டு, சிங்கப்பூருக்கு வருகிறாயா என்று கேட்டபோது, நீ என்னைக் கேட்டாய். நான் உன் இஷ்டம் என்றேன். உன்னைக் கட்டிப்போடக் கூடாது என்று நினைத்துத்தான் சொன்னேன், சத்தியமாக. அதே வார்த்தை இப்போது உன்னிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. ரூபன் பேசிய பிறகு அதை மறுபடி எடுத்துப் படித்தேன். அந்த இரண்டு வார்த்தையைப் படிக்க எப்படி இருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அதனால் இந்த முறை அப்படி எழுத மாட்டேன். என் இஷ்டம் என்னவென்று கேள். நீ வீட்டுக்கு வர வேண்டும். ஒரு ஆளுக்கு அரிசி களைந்து எனக்குச் சலித்துப்போய்விட்டது. வெளிவாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பூனையும் நானும் சேர்ந்து எட்டிப் பார்க்கிறோம். உனக்கு அங்கேதான் நல்லது என்று தோன்றினால் அதையும் நேரில் வந்து சொல், உட்கார்ந்து பேசுவோம், நான் சிரித்து மழுப்ப மாட்டேன். ஆனால் என்ன நினைக்கிறேன் என்று தெரியாமல் நீ கையெழுத்துப் போடக் கூடாது.

உன் தாலி சாமி மேடையில், முருகன் படத்துக்குக் கீழே, அதே எவர்சில்வர் டப்பாவில்தான் இருக்கிறது. நீ சொல்லிவிட்டுப் போனபடி வெள்ளிக்கிழமை தோறும் குளித்துவிட்டுக் குங்குமம் வைக்கிறேன். எனக்கு நீ வைக்கிற மாதிரி வராது, டப்பாவெல்லாம் சிவப்பு. நேற்று ரூபன் பேச்சு மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால் திறந்து பார்த்தேன். கயிறு அறவில்லை. உன் பின்கழுத்தில் உரசுகிற இடத்தில் மட்டும் வெளுத்துப்போயிருக்கிறது. அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

நம் ஈப்போ லிட்டில் இந்தியாவில் புதுக் கயிறு வாங்கிவந்து மஞ்சள் அரைத்துத் தடவிக் காயவைத்திருக்கிறேன். விரலெல்லாம் மஞ்சள், காலையில் டிபார்ட்மெண்டில் ஒரே கிண்டல். தீபாவளிக்கு வா. அமான்ஜெயா பஸ் நிலையத்தில் நான் வந்து நிற்பேன். மறுநாள் லோஷினியையும் கூட்டிக்கொண்டு கோப்பேங் ஆற்றுக்குப் போவோம், உன் கம்பை உன் கையில் கொடுக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கல்யாணத்தன்று மேளச் சத்தத்தில் அவசரமாக நான் ஒரு முடிச்சுதான் போட்டேன். மிச்சம் இரண்டும் வழக்கப்படி நவமணி அக்கா போட்டது. அக்காவிடம் சொல்லிவிட்டேன், இந்த முறை மூன்றையும் நானே போடுகிறேன். ஈரமாக்கி, மெதுவாக, உன் கழுத்து முடி சிக்காமல் இறுக்குவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முருகன் துணை. கடிதம் கிடைத்ததும் வாட்ஸப்பில் “வாரேன்” என்று மட்டும் போடு. அந்த வார்த்தைக்கு ஹெச் தேவையில்லை.

உன் பாதி,
ஜெயபாலன்