உன் கல்யாணக் கட்டிலுக்கு ஒரு விரிப்பு

லம்பாங், தாய்லாந்து,
ஞாயிறு, மழை

அன்பு மகள் ப்ளோய்க்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, பூனை மூவரும் நலம். தெளிவாக இருப்பது பூனை மட்டும். நீயும் மாப்பிள்ளை யோனாஸும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். ஸ்டாக்ஹோமில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே.

கல்யாணக் கட்டிலுக்கு இதமாகவும் நெடுநாள் உழைப்பதாகவும் ஒரு விரிப்பு வாங்கி வையுங்கள் என்று எழுதியிருந்தாய். கடைவீதிக்குப் போனோம். இழை நெருக்கமாக இருந்தால்தான் உழைக்கும் என்றாள் முதல் கடைப் பெண். நெருக்கமாக இருந்தால் காற்றுப் புகாது, வேர்த்துக் கொட்டும் என்றாள் அடுத்த கடைக்காரி. அப்ப நடுத்தரமா ஒண்ணு குடும்மா என்றேன். அதெல்லாம் வித்துப்போச்சு மாமா என்றாள். உன் அம்மா பளபளக்கும் ரோஸ் சாட்டினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெள்ளைப் பருத்தியைக் கையில் எடுத்து, அதுல படுத்தா மாப்பிள்ளை வழுக்கிக் கீழ விழுவாரு என்றேன். உங்க பருத்தியில படுத்தா ஆஸ்பத்திரின்னு நெனச்சு நர்ஸைக் கூப்பிடுவாரு என்றாள். கடைசியில் பருத்தியையே வாங்கினேன். வழியெல்லாம் அவள் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள்.

துவைத்து உலர்த்தி, உன் கட்டிலில் விரித்துப் பார்த்தோம். சாக்கு மாதிரி இருக்கு என்றாள் அம்மா. எவ்வளவு இதம் என்று காட்ட நான் ஒரு பக்கம் படுத்தேன். எவ்வளவு குத்துகிறது என்று காட்ட அவள் மறுபக்கம் படுத்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டு வாதாடினோம். வெளியே நல்ல மழை. விழித்தபோது சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது, காலடியில் பூனை.

அப்போதுதான் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நம் வழக்கத்தை மாப்பிள்ளைக்கு எடுத்துச் சொல், தன் கட்டிலில் யாரோ ஏன் முதலில் படுக்கிறார்கள் என்று அவர் கேட்கக்கூடும். சண்டை சச்சரவு இல்லாமல் வாழ்ந்த ஒரு ஜோடிதான் புது விரிப்பில் முதலில் படுத்து நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், அந்த ராசிதான் உங்களுக்கு ஒட்டும். அதற்காக வினித் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் அழைத்திருக்கிறோம். பெரியம்மா அதற்கென்று பட்டுத்துணிகூட எடுத்துவிட்டாள். சண்டை போட்டுக்கிட்டே படுத்துட்டோமே, நம்ம ராசி புள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா என்று அம்மா கண் கலங்கினாள். வேறு வாங்கலாம் என்றேன். மறுபடி உங்களோட கடைக்கா, அதுக்கு இதுவே தேவலை என்றாள்.

பிறகு சமையலறைக்குப் போய் அம்மிக் குழவியைக் கொண்டுவந்து, ஜோடி கல்போல் உறுதியாக இருக்கட்டும் என்று சடங்கில் வைப்பதுபோலவே தலைமாட்டில் வைத்தாள். வீட்டோடு ஒட்டியிருக்க சடங்கில் பூனையும் வேண்டுமே, எழுந்து போகப் பார்த்த பூனையைப் பிடித்துத் திரும்பவும் கட்டிலில் விட்டாள். படுங்க என்றாள். படுத்தேன். அவளும் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, ஆஹா, என்ன மெத்துனு இருக்கு, இதுல படுக்கறவங்க வயசாகியும் ஒண்ணா தூங்குவாங்க என்று சொன்னாள். சற்று முன் சாக்கு என்றது இதே விரிப்பைத்தான். சடங்குக்காகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் பயம்.

பெரியம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்து எழுது. கல்யாணத்துக்கு இங்கே வரும்போது வழியில் கண்டதைத் தின்னாதே. நீங்கள் இருவரும் நீண்ட காலம் நிறைவாக வாழ எங்கள் ஆசிகள். விரிப்பைக் கட்டிலிலிருந்து எடுக்கக்கூடாது என்று அம்மா உத்தரவு.

அன்புடன்,
உன் அப்பா தவீன்